புதிதாக ஒன்றும் சேர்க்காத சைரகான்

எங்கள் பிஷ்கெக் அலுவலகத்தில் ‘முடியாது’ என்று சொல்வதையே வேலையாகச் செய்தவர் சைரகான் எஜெ. அக்கா முறைக்கு எங்கள் பக்கம் எஜெ. மலைக் கணவாய்களில் பனிச்சரிவைக் கண்காணிக்கும் சாவடிகளுக்கு எங்கள் நிறுவனம் மென்பொருள் எழுதிக் கொடுக்கிறது. சரிவில் நட்ட கருவி பனியை அளக்கும், சாவடிக் கணினி அதைக் காட்டும், சாவடிக்காரர் பார்த்துச் சாலைத் தடுப்பை இறக்குவார். அந்தக் கணினிகள் எல்லாம் அரதப் பழசு. அதனால் அவர்களுக்கென்று தனியாக ஒரு நீண்டகாலப் பதிப்பு. உடைந்ததைச் சரிசெய்வோம், ஐந்து வருடத்துக்குப் புதிதாக எதையும் சேர்க்க மாட்டோம் என்று எஜெ ஒவ்வொரு சாவடிக்கும் நேரில் போய் வாக்குக் கொடுத்திருந்தார். அவர் ஒப்புதல் இல்லாமல் அதில் ஒரு வரி மாறாது.

“எஜெ, பாவம், அவங்களுக்கு ஒரு அழகான வரைபடமாவது காட்டலாமே?” என்று சீண்டுவோம்.

“அழகு பாக்கணும்னா ஜன்னலைத் திறந்து பாத்துக்குவாங்க. மலை அங்கேயேதான் இருக்கு.”

நிறுவனத்தை நடத்தும் மெலிஸ் அவரோடு நாரின் ஊர்ப் பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவன். எங்கள் ஊரில் வகுப்புத் தோழன் என்றால் உடன்பிறப்புக்கு அடுத்த இடம். வெளிநாட்டிலிருந்து உதவி தருகிறவர்கள் பார்வையிட வருகிறார்கள், சாவடித் திரையில் வண்ண வரைபடம் ஓடியாக வேண்டும் என்று இலையுதிர்காலம் முழுக்க நச்சரித்தான். எஜெ மசியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எஜெயின் அம்மா இறந்துபோனார். மெலிஸ் துக்கத்துக்கு வந்தான். முறைப்படி தெருவிலிருந்தே குரலெடுத்து அழுதுகொண்டு வந்தான். நான் அங்கே இருந்தேன், பெற்ற பிள்ளைகள்கூட அப்படி அழவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களுக்குப் பரிமாறும் குதிரை இறைச்சியைச் சாப்பிட்டு முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு எஜெயிடம் போனை நீட்டினான்.

“சாவடிப் பதிப்புல ஒரு ஓட்டை, சைரகான். யாரு வேணா உள்ள நுழைஞ்சிரலாம். அடைச்சாச்சு. நீ ஒப்புதல் குடுத்தா இன்னைக்கே போயிரும்.”

“ஓட்டை மட்டும்தானே?”

“அம்மா வீட்டுச் சாப்பாட்டைத் தின்னுட்டுப் பொய் சொல்லுவேனா?”

துக்க வீட்டில் கைநனைத்தவன் நீட்டியதைச் சோதித்துப் பார்ப்பது இறந்தவரையே அவமதிப்பதாகும். வேறொரு நாளாக இருந்தால் வரிவரியாகப் படித்திருப்பார். அன்று படிக்காமலே விரலை வைத்தார். ‘ஓட்டை அடைப்பு மட்டும், புதிதாக ஒன்றுமில்லை’ என்ற குறிப்போடு, கீழே அவர் பெயரோடு அது சாவடிகளுக்குப் போனது.

உள்ளே இருந்தது வரைபடம்.

உயரமான கணவாய் ஒன்றில் தோலுபாய் என்ற பெரியவர் சாவடிக்காரர். பனி கொட்டிய நாளில் அந்த வரைபடத்தை இழுக்க முடியாமல் அவருடைய கணினி திணறி, முந்தைய நாள் அளவிலேயே நின்றுவிட்டது. ஆபத்தில்லை என்றது திரை. அவர் தடுப்பை இறக்கவில்லை. சரிந்த பனி ஒரு லாரியை மூடியது. தோலுபாயும் மற்றவர்களும் தோண்டி ஓட்டுநரை உயிரோடு எடுத்தார்கள். ஆனால் அவருடைய ஒரு காலைக் காப்பாற்ற முடியவில்லை.

“ஒப்புதல்ல யாரு பேரு இருக்கு?” என்று எல்லார் முன்னாலும் கேட்டான் மெலிஸ். “நான் என்ன அவ கையைப் புடிச்சா அழுத்தினேன்?”

“எங்கம்மாவுக்காக அழுதேன்னு நெனச்சேன், மெலிஸ்,” என்றார் எஜெ.

அவன் போனைப் பார்க்க ஆரம்பித்தான்.

எஜெ வரைபடத்தைப் பிடுங்கி எறிந்து, பதிப்பைப் பழையபடி ஆக்கி அனுப்பினார். ஒரு சாவடியும் அதை ஏற்றிக்கொள்ளவில்லை. கடைசியில் என் காரில் நாங்களே மலை ஏறினோம்.

தோலுபாய் ரொட்டியை எடுத்து வைத்து, தேநீர் ஊற்றினார். இணைப்பு பிடுங்கப்பட்ட கணினி மூலையில் கிடந்தது. அவரே குச்சியோடு சரிவுக்குப் போய்ப் பனியை அளந்து வந்துகொண்டிருந்தார்.

“பைகே, நீங்க அந்தச் சரிவுக்கு அடியில போய் நிக்கக்கூடாது,” என்றார் எஜெ, அண்ணன் முறை வைத்து. “இதுல புதுசா ஒண்ணுமில்லை. சேத்ததை எடுத்திருக்கேன், அவ்வளவுதான்.”

“போன தடவையும் அப்படித்தான் எழுதியிருந்துச்சு. கீழ உன் பேரும் இருந்துச்சு.”

“அது மெலிஸ் பண்ணின வேலை. என்னை ஏமாத்திட்டான்.”

கிழவர் குச்சியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“மெலிஸ்னு எனக்கு யாரையும் தெரியாது, சைரகான். எனக்குத் தெரிஞ்சது நீ ஒருத்திதான்.”