கூப்பிடக் கூடாத நேரம்

இந்தத் தொப்பையை வைத்துக்கொண்டு போன வாரம் நான் தவளை மாதிரி குதித்தேன். அதுவும் சுந்தரபாண்டியத்து வயல் வரப்பில்! ஏன் என்று கேட்கிறீர்களா?

என் கொழுந்தியாள் கோதை, ஸ்ரீவில்லிபுத்தூரில் பிசிக்ஸ் டீச்சர். வீடு சுந்தரபாண்டியத்தில், வயலுக்கு நடுவே. கணவர் ராணுவத்தில் ஹவில்தார், எல்லையில் இருக்கிறார். அதனால் வீட்டுக்குத் துணை ஒரு வெள்ளை ராஜபாளையம் நாய். பெயர் மேஜர். வீட்டுக்காரரை விட நாய்க்கு ரேங்க் அதிகம்!

மழை விட்ட சாயங்காலம். ஸ்கூட்டரை ரோட்டில் விட்டுவிட்டு நானும் கோதையும் வரப்பில் அவள் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தோம். திடீரென்று ஒரு காற்று. எங்களுக்கு முன்னால் கரண்ட் கம்பி அறுந்து ஈர வயலில் விழுந்தது. நான் திரும்பி ஓடப் பார்த்தேன்.

"அத்தான், ஓடாதீங்க! ரெண்டு காலையும் சேத்து வச்சுக் குதிச்சுக் குதிச்சு வாங்க. கையக் கீழ ஊனிராதீங்க!"

குதித்தோம். ரோட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. "எதுக்கும்மா இந்தக் கூத்து?" என்றேன்.

கோதை சொன்ன விஷயம் இதுதான். கம்பி விழுந்த இடத்தைச் சுற்றி, மண்ணில் வோல்டேஜ் வட்டம் வட்டமாகக் குறைந்துகொண்டே போகும். ஒரே வட்டத்தில் எங்கே நின்றாலும் ஒரே வோல்டேஜ்தான், பயமில்லை. மின்புலமோ அந்த வட்டங்களைச் செங்குத்தாக வெட்டிக்கொண்டு போகும். அதன் போக்கில் காலை அகட்டி வைத்தீர்களோ... ஒரு காலில் ஏறிய கரண்ட் மறுகாலில் இறங்கும். பிளவக்கல் மலைச்சரிவில் ஒரே உயரத்தில் சுற்றி நடந்தால் ஒன்றும் தெரியாது. நேராக இறங்கினால்தான் முழங்கால் கதறும். அப்படித்தான்.

அவள் சொல்லி முடிக்கவில்லை. எங்கள் குதியாட்டத்தை வீட்டு வாசலிலிருந்து பார்த்துவிட்டு, விளையாட்டு என்று நினைத்து மேஜர் பாய்ந்து வந்தது. எங்களுக்கும் அதற்கும் நடுவில் கம்பி!

"மேஜர்! உக்காரு!"

உள்ளங்கையைக் காட்டி கோதை போட்ட சத்தத்தில் நானே உட்கார்ந்திருப்பேன். மேஜர் தூரத்திலேயே உட்கார்ந்தது. வால் மட்டும் ஆடியது.

நான் கரண்ட் ஆபீசுக்குப் போன் போட்டேன். ஆள் வருவதாகச் சொன்னார்கள். மேஜர் முனக ஆரம்பித்தது.

"பாவம் கோதை, கூப்பிட்டுரு. ஒரே பாய்ச்சல்ல வந்துரும்."

"நேரா எங்கிட்டதான் ஓடி வரும் அத்தான். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் எம்புட்டுத் தூரம் பாருங்க... கூப்பிட்டா செத்துரும்."

குரல் உடைந்துவிட்டது. ஆனால் தூக்கிய கை இறங்கவில்லை. இறக்கினால் மேஜர் எழுந்துவிடும். கண்ணீர் கன்னத்தில் வழிகிறது, துடைக்கக்கூட இல்லை. "இருடா தங்கம்... செத்த நேரம் இருடா..." நம் பிரியம் எப்போதும் "வா வா" என்றுதானே கூப்பிடும்? "அங்கேயே இரு" என்று சொல்ல எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! அசந்துபோய் நின்றேன்.

லைன்மேன்கள் வந்து, சப்ளையை நிறுத்தி, கம்பியைச் சோதித்துவிட்டு, "இனி பயமில்ல டீச்சர்" என்றார்கள். கோதை கையை இறக்கினாள். "வாடா!"

வந்த வேகத்தில் டீச்சரைச் சேற்றில் தள்ளிவிட்டது மேஜர்.

ராத்திரி வீடியோ காலில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தொப்பியை எடுத்து மாட்டினார். பிறகு, "மேஜரக் காட்டு" என்றார். காட்டினாள். விறைப்பாக ஒரு சல்யூட்!

"இப்ப போனை உம்பக்கம் திருப்பு" என்றார்.

இன்னொரு சல்யூட்.