ஜூலை பத்தொன்பதில் பிறந்த ஊர்

எங்கள் சாந்தா எலோடியாவில் ஆண்டுக்கு ஒருமுறை ஊரே கூடி நின்று செத்துப்போன ஒரு மனிதனைத் திட்டும். ஜூலை பத்தொன்பது, நகர நாள். அன்றைக்கு மழை பிய்த்துக்கொண்டு கொட்டும். அலங்கார வண்டிகளின் காகிதப் பூக்கள் சாயம் விட்டு, மேலே நிற்கும் அழகு ராணிகளின் வெள்ளைச் செருப்பெல்லாம் நீலமாகும். "எந்த மடையன்யா புயல் மாசமாப் பார்த்து ஊரை ஆரம்பிச்சது?" என்று குடைக்கடியிலிருந்து ஒருவர் கத்துவார். "அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்!" என்பார் பக்கத்தில் நனைகிறவர்.

அந்த மடையன் சாகவில்லை. ஆணும் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் நகர அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து, என் மதியச் சோற்றில் பாதி மீனை எடுத்துத் தின்றவள். பெயர் ருஃபினா. அவள் தட்டச்சு செய்கிறவள். நான் பெலன், பிறப்பு இறப்புப் பதிவு.

1990இல் நாங்கள் நகரமே இல்லை. மணிலாவில் வாடகை கட்டி மாளாதவர்கள் வந்து குடியேறுகிற வெறும் பேரூர். பெரிய பலடாட் அப்போது மேயர். அவருக்குப் பின் அவர் மனைவி மேயர், அப்புறம் மகன் மேயர். எங்கள் ஊரில் தேர்தல் மட்டும் தவறாமல் நடக்கும்.

ஒரு நாள் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. ஒவ்வோர் ஊரும் தான் தோன்றிய நாளைத் தெரிவிக்க வேண்டும். மாதா கோவில் வாசற்கல்லில் 1724 என்று ஆண்டு இருக்கிறது. தேதியும் மாதமும் பழைய அலுவலகம் எரிந்தபோதே சாம்பலாகிவிட்டன. பெரிய பலடாட் ருஃபினாவைக் கூப்பிட்டார்.

"அஞ்சு மணிக்குள்ள ஒரு தேதி வேணும்மா."

"நான் எங்கேருந்துய்யா எடுக்கிறது?"

"அதையும் நானே சொல்லணும்னா உனக்கு எதுக்கும்மா சம்பளம்?"

நாலரை மணிக்கு அவள் நாற்காலியை என் பக்கம் இழுத்துக்கொண்டு வந்தாள். அவளைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். பதினோரு பிள்ளைகளில் ஒன்பதாவது. பிறந்த வீட்டில் அவள் பிறந்த நாளை யாரும் நினைத்ததே இல்லை. கட்டிக்கொண்ட நார்சிங்தான் முதன்முதலில் நினைத்தான். ஜீப்னி ஓட்டுகிறவன், சமையலில் கெட்டிக்காரன். ஆயுள் நீள வேண்டும் என்று நூடுல்ஸை ஒடிக்காமல் பன்சித் செய்து வைத்துக்கொண்டு காத்திருப்பான். இவள் வேலை முடிந்து வருவதற்குள் அது ஒரே கட்டியாகி, கத்தி வைத்து வெட்ட வேண்டியிருக்கும்.

"ஊர் நாள்னா லீவுதானே, பெலன்?"

"லீவுதான்."

"அப்ப என் பிறந்த நாளையே போட்டுடறேன். ஒரு வருஷமாவது அந்த மனுஷன் செஞ்சதைச் சூடா சாப்பிடணும்டி."

"போடுக்கா. 1724ல இருந்து யாரு சாட்சி சொல்ல வரப்போறா?"

'பழைய பதிவேட்டின்படி ஜூலை 19' என்று அடித்தாள். முத்திரை குத்தியது நான்தான். அது பதிவேட்டில் இருக்கிற தேதிதான், ருஃபினாவின் பெயருக்கு எதிரே. ஆகவே சுத்தப் பொய் என்று எங்களை யாரும் சொல்ல முடியாது.

லீவு வந்தது. ஊருக்கெல்லாம் வந்தது. அலுவலக ஊழியர்கள் மட்டும் காலை ஐந்து மணிக்கு மஞ்சள் சட்டையோடு ஊர்வலத்துக்கு ஆஜராக வேண்டும் என்று உத்தரவும் கூடவே வந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மற்ற நாளில் பிறந்திருந்தால் அரை நாள் விடுப்பாவது கேட்கலாம். நகர நாளில் விடுப்பு கேட்டால் ஊர்த்துரோகம். முப்பத்து நான்கு ஊர்வலம் நடந்தாள். ஊர்வலம் முடிந்ததும் மேயர் ஆளுயரக் கேக்கை வெட்டுவார், ஊரே தொண்டை கிழியப் பிறந்தநாள் பாட்டுப் பாடும், எங்கள் ருஃபினா ஈரச் சட்டையோடு நின்று கை தட்டுவாள். ராத்திரி வீட்டில் கட்டியான பன்சித் இருக்கும்.

இதற்கிடையில் அந்தத் தேதி வேர் பிடித்துவிட்டது. ஜூலை 19 தெரு, ஜூலை 19 கூடைப்பந்து அரங்கம், ஜூலை 19 சலவைக் கடை. ஒரு கல்லூரி ஆசிரியர் ஆராய்ச்சி செய்து, தேதி ஐயத்துக்கு இடமில்லாதது என்று நிரூபித்தார். அவர் காட்டிய ஆதாரம் ருஃபினா அடித்த கடிதம். ஊர்வலத்துக்கென்று ஒரு நிறுவனரையும் உண்டாக்கினார்கள். தும்பாக் என்ற தலைவன். சிவப்புத் தலைப்பாகையோடு வண்டியில் நின்று, இரண்டு கையையும் நீட்டி, "இன்று நல்ல நாள்! இங்கே ஊர் அமைப்போம்!" என்பான். சரியாக அந்த வசனத்துக்கு இடி இடிக்கும்.

2024 வந்தது. ருஃபினாவுக்கு அறுபத்தைந்து. பிறந்த நாளோடு வேலை ஓய்வு. ஊருக்கு முந்நூறு. வேறெந்த ஆண்டையும்விடப் பெரிய ஊர்வலம். அந்த வருஷம்தான் நார்சிங்குக்குச் சர்க்கரை வியாதியில் ஒரு கண் போனது. மற்றதும் ரொம்ப நாள் தாங்காது என்றார் டாக்டர்.

"எனக்கு வேற ஆசை ஒண்ணுமில்ல," என்றானாம் நார்சிங். "பகல் வெளிச்சத்துல, உன் பிறந்த நாளைக்கு, நீ என் எதிர்ல உக்காந்து சாப்பிடறதைப் பார்க்கணும். பார்வை இருக்கறப்பவே."

அதைக் கேட்டபின் அவளுக்குப் பொறுக்கவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு சின்ன பலடாட்டின் அறைக்குள் நுழைந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். தேதி பொய், மாற்றிவிடுங்கள், அல்லது என்னை விட்டுவிடுங்கள் என்றாள். மேயர் முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"அக்கா, அரங்கத்து வாசல்ல ஆளுயர எழுத்துல போட்டிருக்கு. எங்கப்பா சிலைக்குக் கீழேயும் அதான் இருக்கு. முந்நூறாவது ஆண்டு ஊர்வலத்துல நீங்கதான் கொடி பிடிக்கிறீங்க, தேதியைக் கண்டுபிடிச்சவங்கன்னு நோட்டீஸ் அடிச்சாச்சு. ஊரோட பிறந்த நாளை மாத்தணும்னா சட்டத்தை மாத்தணும், மணிலா வரைக்கும் போகணும்." கொஞ்சம் யோசித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "பெலன் அக்கா, இவங்க பிறந்த நாளை மாத்தறது சுலபம்தானே? எழுத்துப் பிழைன்னு போட்டுத் திருத்தலாமில்ல?"

"ரெண்டு மூணு மாசம் ஆகும்," என்று தொழில் புத்தியில் சொல்லித் தொலைத்தேன். ருஃபினா என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும்.

"தம்பி," என்றாள் அவரிடம். "உங்கப்பாவுக்கு நான் ஒரு பொய்யை அடிச்சுக் கொடுத்தேன். அதுல நிஜமா இருந்தது என் பிறந்த நாள் ஒண்ணுதான். அதையும் பொய்யாக்கச் சொல்றியா?"

மேயர் தலையைச் சொறிந்தார். "சரி, இந்த ஒரு வருஷம் மட்டும் நடந்துடுங்க. அடுத்த வருஷம் நீங்க ஓய்வு. உங்களை ஊர்வலத்துக்கு ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க. இது என் வாக்கு."

கொடி பிடித்தாள். நனைந்தாள். கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் ஒன்று கொடுத்தார்கள். அதை நார்சிங் பன்சித் சட்டிக்கு மூடியாக வைத்திருக்கிறான்.

அடுத்த ஆண்டு மேயர் வாக்குத் தவறவில்லை. ருஃபினாவைக் கூப்பிடவில்லை. நார்சிங்கைக் கூப்பிட்டார். இருபது வருஷமாகத் தும்பாக் வேஷம் கட்டியவர் பிப்ரவரியில் காலமாகிவிட்டார். "நல்ல உயரம், சும்மா நின்னா போதும். ரகசியமும் ஒரே வீட்டுக்குள்ள இருக்கும் பாருங்க," என்று என்னிடம் கண்ணடித்தார். நார்சிங் அதை மனைவியிடம் சொல்லத் துணிச்சல் இல்லாமல் மூன்று மாதம் ஓட்டினான். பத்தொன்பதாம் தேதி விடியற்காலை தலைப்பாகையோடு படியிறங்கும்போதுதான் அகப்பட்டான்.

"அட பாவி மனுஷா! இதென்ன கோலம்?"

"நீ இல்லாதப்ப மேயரே வீடு தேடி வந்து கேட்டாருடி. முடியாதுன்னு எப்படிச் சொல்றது?"

"முப்பத்தி நாலு வருஷம் நான் அதைச் சொன்னப்ப மூஞ்சைத் தூக்கி வச்சுக்கிட்டியே!"

"அதான் இப்பப் புரியுது," என்று சொல்லிவிட்டு நிறுவனர் மழையில் ஓடினார்.

ருஃபினா தானே பன்சித் செய்தாள். ஒரு நூல்கூட ஒடியவில்லை என்று என்னிடம் பிற்பாடு பெருமை அடித்துக்கொண்டாள். மேஜையில் இரண்டு தட்டு வைத்தாள். அக்கம்பக்கத்தில் யாரையாவது கூப்பிடலாம் என்று எட்டிப் பார்த்தால், தெருவில் நாய்கூட இல்லை. எல்லோரும் ஊர்வலத்தில். முழு லீவு, முழுப் பிறந்த நாள், பேச ஆளில்லாத வீடு. நூடுல்ஸ் மெல்ல ஒட்ட ஆரம்பிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். "முப்பத்தி நாலு தடவை அவன் இப்படி உக்காந்திருக்கான் பெலன்," என்றாள் என்னிடம்.

நான் சதுக்கத்தில் மஞ்சள் சட்டையோடு நனைந்துகொண்டிருந்தேன். நிறுவனர் வண்டி வந்து நின்றது. மேயர் கேக்கில் கத்தியை வைத்தார், கூட்டம் பாடத் தொடங்கியது. கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு குடை வந்தது, குடைக்கடியில் சட்டி, சட்டிமேல் பாராட்டுப் பத்திரம். ருஃபினா காகிதப் பூக்களை மிதித்து வண்டிமேல் ஏறினாள்.

"வாயைத் திற."

"கையை நீட்டிட்டு நிக்கணும்டி, எல்லாரும் பார்க்கிறாங்க."

"நீட்டு. யார் வேண்டாங்கிறா? வாயைத் திற!"

"யாருய்யா அந்தம்மா? கதையிலேயே இல்லையே!" என்று கூட்டத்தில் கேட்டார்கள். ஒலிபெருக்கிக்காரன் திணறிப் போய், "இதோ, தலைவர் தும்பாக்கின் மனைவி!" என்று அறிவித்தான். பலத்த கைதட்டல். பாட்டில் ஊர்ப் பெயர் வரவேண்டிய இடத்தில் நார்சிங் வாய் நிறைய நூடுல்ஸோடு "ருஃபினா" என்று பாடினான். நானும் அப்படியே பாடினேன். ஆயிரம் பேர் சத்தத்தில் எங்கள் இரண்டு குரல் எங்கே கேட்கும்? ஆனால் அவளுக்குக் கேட்டது. அவன் நீட்டிய கையை மடக்கி, சட்டியில் விட்டு, அவள் வாயில் ஊட்டினான். தெரிகிற கண்ணைப் பக்கத்தில் கொண்டுபோய் அவள் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"சூடா இருக்கா?"

"இருக்கு," என்றாள். மழைத்தண்ணீர் சட்டியில் பாதி இருந்தது.

எனக்குப் பக்கத்தில் ஒருவர் குடையை உதறினார். "எந்த மடையன்யா ஜூலையில..."

"அதோ, வண்டிமேல நின்னு சாப்பிடறாங்க பாருங்க," என்றேன்.

அடுத்த மாதம் மேயர் அலுவலகத்திலிருந்து ருஃபினா வீட்டுக்குக் கடிதம் போனது. நிறுவனரின் மனைவி பாத்திரத்துக்கு மக்களிடம் அமோக வரவேற்பு. வருகிற ஜூலை பத்தொன்பது, காலை ஐந்து மணிக்கு ஆஜராகவும். பன்சித் தாங்களே கொண்டு வரவும்.