மூணு குத்து

எதை எழுதினாலும் மூன்று புள்ளி வைப்பது என் பழக்கம். வாக்கியம் முடிந்தாலும் வைப்பேன், முடியாவிட்டாலும் வைப்பேன். தொண்ணூறுகளில் கேரள எல்லையிலுள்ள பாறசாலையில் ஒரு டுட்டோரியலில் தமிழ் நடத்தினேன். என் கேள்வித்தாளைப் பார்த்துப் பிள்ளைகள், “டீச்சரே, இது கோடிட்ட இடம் நிரப்பணுமா?” என்று கேட்பார்கள்.

அப்போது குளத்தூர்ப் பக்கம் ஒரு கடற்கரை ஊரின் வாசகசாலை ஆண்டு விழாவுக்கு நாடகம் எழுதிக் கொடுத்தேன். கடலுக்குப் போன கணவனுக்காகக் காத்திருக்கும் பெண்ணின் கதை. அந்தப் பெண்ணாக நடிக்க வந்தவள் அந்த ஊர்க்காரி; உதியன்குளங்கரையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். என்னைவிட மூத்தவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

முதல் ஒத்திகையிலேயே பிரதியை என்னிடம் நீட்டினாள். “டீச்சரே, இந்த மூணு குத்து என்னத்துக்காக்கும்?”

புள்ளிக்கு அங்கே குத்து என்றுதான் பெயர்.

“அங்க கொஞ்சம் நிக்கணும், அக்கா.”

“எவ்வளவு நேரம்?”

அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை. “உங்களுக்குத் தோணுற வரைக்கும்” என்று சொல்லிவைத்தேன். ஆனால் ஒத்திகைகளில் அவள் நிற்கவே இல்லை. வேலை முடிந்து களைத்து வருவாள். மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டு வீட்டுக்கு ஓடிவிடுவாள்.

விழா அன்று சாயங்காலம் மணல் முழுக்க ஆட்கள். மறந்தால் வசனம் எடுத்துக் கொடுக்க, பிரதியோடு திரைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

“அந்திக்கு வாறேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு…” என்றவள் நின்றுவிட்டாள்.

மறந்துவிட்டாள் என்று நினைத்து அடுத்த வரியை மெல்லச் சொன்னேன். அவள் திரும்பவில்லை. கூட்டத்துக்கு அப்பால், கடல் இருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தவர்களின் கைகள்கூட அப்படியே நின்றுவிட்டன.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு மீன்காரப் பெண்மணி, சாதாரணமாகப் பேசுவதுபோலச் சொன்னாள்: “வருவான் மக்கா. காத்து மாறியிருக்கும். அதான் தாமசம்.”

யாரும் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு ஆண் குரல். “எஞ்சின் நிண்ணிருக்கும். வேற வள்ளம் கெட்டி இழுத்துட்டு வரும்.”

அவள் இருவருக்கும் தலையாட்டினாள். அதற்குப் பிறகுதான் என் அடுத்த வரியைச் சொன்னாள். “வெளக்கு எரியட்டும்.”

கரையில் காத்து நிற்பவளுக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் அந்த இடத்தில் புள்ளிகளை வைத்திருந்தேன். என் வெறும் புள்ளிகளுக்குள் அந்த ஊரே வந்து உட்கார்ந்துவிட்டது.

அடுத்த காட்சியில் படகு கவிழ்ந்த செய்தி வரும். “வள்ளம் மறிஞ்சுபோச்சு.” அதற்கு முற்றுப்புள்ளிதான் வைத்திருந்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. முன்வரிசைப் பெண்மணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

நாடகம் முடிந்ததும் அக்காவிடம் போனேன். பவுடரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“எப்படி அக்கா, அவ்வளவு நேரம் நின்னீங்க?”

“அவுங்க பேசி முடியட்டும்னு பாத்தேன்.”

“பேசுவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?”

நான் ஏன் இதைக் கேட்கிறேன் என்று புரியாதவள்போல அவள் என்னைப் பார்த்தாள். “ஒருத்தி அப்படிச் சொல்லிட்டு நிண்ணா, கேட்டுட்டு யாரு டீச்சரே சும்மா இருப்பா?”