பெரிய வியாழனில் இடது கால்

எங்கள் கோயிலில் பெரிய வியாழன் பூசையில், இயேசு சீடர்களுக்குக் கழுவியதுபோல, பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுவார்கள். வலது காலை மட்டும்தான். யார் வைத்த வழக்கமோ, நான் பெரும்பாறைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அப்படித்தான் நடந்தது. என் வீட்டுக்காரருக்கு அந்த வலது கால்தான் இல்லை.

மிளகு பறிக்கப் போன இடத்தில் குத்திய முள், சர்க்கரை வியாதி, திண்டுக்கல் ஆஸ்பத்திரி. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். போகட்டும், உயிர் இருக்கிறதே என்று நான் மனசைத் தேற்றிக்கொண்டேன். அவர்தான் தேறவில்லை. ஏணி வைத்து மரமேறிய மனுசன், திருவிழாவில் சப்பரம் தூக்க முதல் ஆளாகத் தோள் கொடுத்தவர், கோயில் பக்கமே வரமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டு கெடந்தார். "பாக்குறவனுக்கெல்லாம் என் கால்தான் தெரியும். நான் தெரிய மாட்டேன்" என்றார். இப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டு செத்துப்போவாரோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் அன்பியத்து ஆட்கள், அதாவது வாராவாரம் வீடு மாற்றி வீடு கூடி ஜெபிக்கிற எங்கள் தெருக்காரர்கள், கால் கழுவ இவர் பேரையும் கொடுத்துவிட்டு வந்து நின்றார்கள். எனக்கு வந்ததே கோபம். "ஏன்யா, உங்களுக்கெல்லாம் கண்ணு அவிஞ்சா போச்சு? ஊரே பாக்க அவரக் கொண்டுபோயி உக்கார வைக்கணுமா?" என்று வாசலில் நின்று கத்தினேன். பக்கத்து வீட்டு ஜீப் டிரைவரை ரெண்டு வார்த்தை கூடுதலாகவே ஏசினேன். குழாயடித் தகராறில் அவனுக்கும் எனக்கும் ஆகாது. அவன் நேரே உள்ளே போய், "அண்ணே, வியாழக்கெழம வெரசா கெளம்பி இருங்க. நான் ஜீப்புல கூட்டிட்டுப் போறேன்" என்றான். மறுத்துப் பேசக்கூடத் தெம்பில்லாமல் இவர் தலையை ஆட்டினார்.

வியாழக்கிழமை சாயங்காலம் கோயிலில் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். கையில் ஜெபமாலை இருந்தது, வாயில் ஜெபம் வரவில்லை. பீடத்துக்கு முன்னால் பெஞ்சு போட்டிருந்தார்கள். முதல் ஆள் அந்த டிரைவர், கடைசி ஆள் இவர். புதுசாய் வந்த ஃபாதர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு டிரைவர் முன்னால் முழங்காலிட்டார். அவன் இடது காலை நீட்டினான். அடப்பாவி, இன்றைக்குமா குடித்துவிட்டு வந்தான் என்று நினைத்தேன். அடுத்தவரும் இடது கால். அதற்கடுத்தவரும். ஃபாதர் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து கழுவிக்கொண்டே போனார். கடைசியில் இவரிடம் வந்தபோது இவர் நீட்டியதும் இடது கால், அவ்வளவுதான். ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கவில்லை. என் முந்தானைதான் நனைந்துபோனது. இப்பேர்ப்பட்ட ஆட்களுக்கு நடுவிலா குடியிருக்கிறோம் என்று பெருமை தாங்கவில்லை.

ஜீப்பில் திரும்பும்போது இவரே பேச்சை எடுத்தார். "புது ஃபாதர் வழக்கத்த மாத்திட்டாரு போல. இடது காலத்தான் கழுவுறாரு."

"ஆமாண்ணே, இப்ப அப்படித்தான்" என்றார் டிரைவர், ரோட்டைப் பார்த்தபடியே. வீட்டில் படுக்கப் போகும்போது இவர், "நாளைக்கு வெள்ளனே எழுப்பு. சிலுவைப்பாதைக்குப் போகணும்" என்றார்.

இந்த வருசம் கால் கழுவ வேறு பன்னிரண்டு பேர். இவர் ஆண்கள் பக்கம் சுவரில் ஊன்றி நடக்கிற கட்டையைச் சாத்திவிட்டு, பக்கத்தில் இருந்தவர் காதில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் வேட்டியைத் தூக்கிப் பிடித்தார்கள். பன்னிரண்டு பேரும் இடது காலைத்தான் நீட்டினார்கள்.