பன்னிரண்டு மணிக்கு எடுத்தோம்

நூலகத்தில் இருந்தேன். மேசைமேல் போன் அதிர்ந்தது. அத்தை மகள்.

"அம்மா உக்காந்தாங்க," என்றாள். "உக்காந்தவங்க எந்திரிக்கல."

எங்கே உட்கார்ந்தார் என்று கேட்டேன். அவள் அதையே திரும்பச் சொன்னாள். நானும் அதையே திரும்பக் கேட்டேன். மூன்றாவது தடவைதான் புரிந்தது. புரிந்த பிறகும், படித்துக்கொண்டிருந்த பக்கத்தில் அடையாளத் தாளை வைத்துப் புத்தகத்தை மூடினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்னும் தெரியவில்லை.

கொள்முதல் நிலையத்துக்கு வெளியே, தார்ச்சாலையில், மழையில் நனைந்த குறுவை நெல்லைக் காலால் கிளறிக் காயவைத்துக்கொண்டிருந்திருக்கிறார். பக்கத்தில் நின்றவரிடம் தண்ணீர் கேட்டிருக்கிறார். அது வருவதற்குள் நெல்லின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். பாபநாசம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. ஐம்பத்து மூன்று வயது.

அன்று காலை ஏழரை மணிக்கு என்னிடம் பேசியவர். "ஈரம் கூட இருக்குன்னு திருப்பி அனுப்புறான்டி. இந்த மழையில நெல்லு நனையாம, அவன் மேசையா நனையும்?" என்று சிரித்தார். நான் வகுப்புக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டேன்.

அவர் பெயரை இங்கே எழுத முடியாது. ஊர்ப் பெயரையும் எழுதவில்லை. சில அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். ஆனாலும் அவரை அறிந்தவர்களுக்கு இது யார் என்று தெரிந்துவிடும். தெரிந்தவர்கள் படித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுங்கள். அவரும் அதைத்தான் கேட்டிருப்பார்.

எங்கள் ஊராட்சியின் முன்னாள் தலைவர் அவர். பதவி ஐந்து வருடம்தான். ஆனால் கடைசி நாள்வரை ஊருக்கு அவர் பிரசிடெண்டம்மா. எனக்கு அத்தை. அப்பாவின் ஒரே தங்கை.

*

எங்களுடையது ஆதிதிராவிடர் தெரு. சில வீடுகள் மாரியம்மன் கோயிலுக்குப் போகும். சில வீடுகள் மாதா கோயிலுக்கு. எங்கள் வீடு மாதா கோயில் வீடு.

தாத்தா மூத்தவரான அப்பாவைப் பள்ளியில் சேர்த்தபோது, மதம் என்ற இடத்தில் கிறிஸ்தவம் என்று எழுதச் சொன்னார். ஐந்து வருடம் கழித்து அத்தையைச் சேர்க்கப் போனார். வாத்தியார், "இந்துன்னே போட்டுக்கய்யா, பொண்ணு படிக்க உதவும்," என்றாராம். தாத்தா சரி என்றார். ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே கோயிலில் ஞானஸ்நானம் பெற்ற இரண்டு பேர். இரண்டு விதமான சான்றிதழ்கள். அத்தைக்குக் கோயில் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளியில் வேறு பெயர்.

தலைவர் பதவி எங்கள் சாதிக்கு ஒதுக்கப்பட்டால், கிறிஸ்தவர் என்று சான்றிதழ் உள்ளவர் அதில் நிற்க முடியாது. அப்பா இளமையில் கட்சிக்காரர். முதல் முறை ஒதுக்கப்பட்டபோது வேட்டியை வெளுத்துக் கட்டிக்கொண்டு மனுத் தாக்கல் செய்யப் போனார். சான்றிதழைப் பார்த்ததும் திருப்பி அனுப்பினார்கள். அதன் பிறகு கட்சிப் பக்கமே போகவில்லை. மாதா கோயிலில் கோயில்பிள்ளை ஆனார். விளக்கேற்றுவார், பீடம் துடைப்பார், வேளை தவறாமல் மணி அடிப்பார்.

பல வருடங்கள் கழித்து, பதவி எங்கள் சாதிப் பெண்களுக்கென்று வந்தது. அத்தை நின்றார். ஜெயித்தார்.

அன்று எங்கள் தெருவில் வெடி வெடித்தார்கள். அப்பா மாலை மணியை அடித்துவிட்டு வந்து, ரசம் ஊற்றிச் சாப்பிட்டார். "உங்க தங்கச்சி ஜெயிச்சிருச்சுங்க," என்றார் அம்மா. "எந்தப் பேர்ல?" என்றார் அப்பா.

*

தோற்றவர்கள் வீட்டிலிருந்து கலெக்டருக்கு மனுப் போனது. வென்றவர் கிறிஸ்தவர், தேர்தல் செல்லாது என்று. விசாரணைக்கு அதிகாரி வருவதாகச் சேதி வந்தது.

முந்தைய நாள் நான் அத்தை வீட்டில் இருந்தேன். எனக்கு ஏழு வயது. மாமா அப்போதே இல்லை. அத்தை நாற்காலியில் ஏறி, கூடத்துச் சுவரிலிருந்த மாதா படத்தைக் கழற்றினார். படம் இருந்த இடம் மட்டும் வெள்ளையாக, சதுரமாகத் தெரிந்தது. அதன்மேல் உரக்கடைக் காலண்டரை மாட்டினார். காலண்டர் சின்னது. சுற்றிலும் வெள்ளை ஓரம் தெரிந்தது. காலண்டரை இடமும் வலமுமாக நகர்த்திப் பார்த்தார். எப்படி வைத்தாலும் ஒரு பக்கம் தெரிந்தது.

அப்போது அப்பா வந்தார். சுவரைப் பார்த்தார்.

"மாதா எங்க?"

"நெல்லு மூட்டைக்கு அடியிலண்ணே."

அப்பா உட்காரவில்லை.

"நாளைக்கு அவன் கேட்டா என்ன சொல்லுவ?"

"இந்துன்னு எழுதிக் குடுக்கணுமாம்ணே. கையெழுத்துப் போட்டு."

"வாயால சொன்னாக்கூடப் பரவால்ல."

"அண்ணே, நான் விட்டுட்டா அந்த நாற்காலி யாருக்குப் போவும்னு ஒனக்குத் தெரியும்."

"நீ பிரசிடெண்டாவே இரு," என்றார் அப்பா. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். வாசலில் போட்டுக்கொள்ளக்கூட நிற்கவில்லை. அதற்குப் பிறகு பதினேழு வருடம் அந்த வீட்டில் கால் வைக்கவில்லை. ஒரே தெரு. பத்து வீடு தள்ளி.

மறுநாள் அதிகாரி வந்தார். சுவரைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார். அத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கிளம்பும்போது அதிகாரியின் பார்வை என்மேல் விழுந்தது.

"பாப்பா, உங்க அத்தை எந்தச் சாமி கும்பிடுவாங்க?"

கூடத்தில் யாரும் அசையவில்லை. எனக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. குழாய்க்கு, தெருவிளக்குக்கு, ரேஷன் அட்டைக்கு என்று விடிந்ததிலிருந்து ஆட்கள் வந்து உட்கார்ந்திருந்த வீடு அது.

"அத்தைக்கு எங்க சார் நேரம்?" என்றேன்.

அதிகாரி சிரித்துவிட்டார். மனு தள்ளுபடியானது.

"பிரசிடெண்டுக்குச் சாமி கும்பிட நேரமில்லன்னு கவர்மெண்டு ரெக்கார்டே ஆயிருச்சு," என்று அத்தை எல்லாரிடமும் சொல்வார். நானும் சிரிப்பேன். அன்று நான் உண்மை சொன்னேனா, பொய் சொன்னேனா என்று வளர்ந்த பிறகுதான் யோசித்தேன். இப்போதும் யோசிக்கிறேன்.

*

ரோட்டைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது.

எங்கள் தெருச் சுடுகாடு ஆற்றங்கரையில் இருக்கிறது. நடுவில் மிராசுதார் வயல். சம்பா நிற்கும்போது யாராவது இறந்தால், முழங்கால் சேற்றில் பாடையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். பயிர் மிதிபட்டதென்று மிராசுதாரின் ஆட்கள் கரையில் நின்று திட்டுவார்கள். பிணம் பாடையிலிருந்து சரிந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அத்தை நடையாக நடந்தார். மிராசுதார், "என் வயல் வழியா சுடுகாட்டு ரோடுன்னு எழுத விடமாட்டேன்," என்றார்.

"எழுதலங்கய்யா. களத்துமேட்டு ரோடுன்னு எழுதிக்கிறேன். உங்க டிராக்டரும் போவட்டும். நாங்களும் போறோம்."

அவர் ஒரு துண்டு நிலம் விட்டார். ரோடு வந்தது. பலகையில் இன்றும் களத்துமேட்டு ரோடு என்றுதான் இருக்கிறது.

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த புதிதில் நான் அவரிடம் சண்டை போட்டேன். சுடுகாட்டு ரோடு என்று ஏன் எழுதவில்லை, இந்து என்று ஏன் எழுதினீர்கள். எல்லா இடத்திலும் ஏன் அவர்கள் கேட்ட சொல்லையே கொடுத்தீர்கள்.

அத்தை வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். "பேப்பர்ல என்ன வேணா எழுதிக்கட்டும்டி," என்றார். "கால்ல சேறு ஒட்டாமப் போறோமா இல்லியா?"

*

பதவி முடிந்த பிறகாவது கோயிலுக்கு வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. மகளுக்கும் அதே சான்றிதழ். அவள் படிக்க வேண்டும், வேலைக்குப் போக வேண்டும்.

மாதா கோயிலுக்கு நேர் எதிரே பஸ் நிறுத்தம். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை ஒலிபெருக்கியில் அங்கே தெளிவாகக் கேட்கும். அத்தை பையோடு வந்து நிற்பார். கும்பகோணம் வண்டி வரும்.

"வர்றீங்களா பிரசிடெண்டம்மா?" என்பார் கண்டக்டர்.

"அடுத்த வண்டிப்பா."

அடுத்த வண்டியும் வரும், போகும். பூசை முடிந்ததும் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். நான் ஒருமுறை ரோட்டைத் தாண்டிப் போய், "உள்ள வாங்க அத்தை," என்றேன். "பஸ்ஸுக்கு நிக்கிறேன்டி," என்றார். பையைத் தொட்டுப் பார்த்தேன். காலிப் பை.

மணிக்கயிறு வாசல் பக்கம். அங்கே நின்றால் பஸ் நிறுத்தம் நன்றாகத் தெரியும். அப்பா ஒருநாளும் அந்தப் பக்கம் திரும்பியதாக எனக்கு நினைவில்லை.

*

நான் ஊர் போய்ச் சேர்ந்தது மறுநாள் காலை. அத்தையைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தலைக்கு மேலே சுவரில் காலண்டர். இந்த வருடத்துக் காலண்டர், அதே ஆணி. கால்விரல் இடுக்கில் ஒரு நெல் இருந்தது. குளிப்பாட்டியும் போகவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அத்தை மகளைக் கொல்லைப்புறம் கூட்டிப்போய்ச் சொன்னேன். இனியாவது கோயில் கல்லறைக்குக் கொண்டுபோக வேண்டும். சாமியாரிடம் நான் பேசுகிறேன். செத்த பிறகுமா இந்தப் பொய்? எனக்குச் சொற்களுக்குக் குறைவில்லை.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அடுத்த மாசம் எனக்கு சர்டிபிகேட் வெரிஃபிகேஷன்," என்றாள். அரசு வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். "சிலுவை நட்டு ஒரு போட்டோ எடுத்தாப் போதும். அம்மா பஸ் ஸ்டாப்ல நின்னதெல்லாம் எதுக்குடி?"

மனுப் போட்ட வீட்டுப் பெரியவர் மாலையோடு வந்திருந்தார். அழுதார். அந்த அழுகை பொய்யென்று சொல்ல மாட்டேன். அழுது முடித்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "மாதா கோயில்ல மணி அடிக்கலியே?" என்றார். யாரையும் பார்க்காமல் கேட்டார். கோயிலைச் சேர்ந்தவர் இறந்தால் துக்க மணி அடிப்பது வழக்கம். ஒரு அடி, நீண்ட இடைவெளி, மறுபடி ஒரு அடி.

அப்பா தெருவில், வேப்பமரத்தடியில் நின்றார். உள்ளே வரவில்லை. பிறந்த வீட்டுக் கோடிப் புடவையை அண்ணன்தான் போட வேண்டும். அம்மா வாங்கிவந்தார், நான் போர்த்தினேன். பதினோரு மணிக்கு எல்லாம் தயார். பாடையைத் தூக்கப் போனார்கள்.

"பன்னெண்டுக்கு எடுங்க," என்றார் அப்பா.

எல்லாரும் திரும்பினார்கள். அத்தை விஷயத்தில் அவர் வாய் திறந்து பதினேழு வருடம் ஆகிறது.

"உச்சி வெயிலாச்சே மச்சான்," என்றார் ஒருவர்.

"பன்னெண்டு. ஒரு நிமிஷம் முன்னாடி வேணாம்."

கூடப்பிறந்தவர் சொன்னதால் காத்திருந்தோம். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பார்த்தால் மரத்தடியில் அப்பா இல்லை. "எடுக்கிற நேரத்துல நழுவிட்டான் பாரு. கல்லு நெஞ்சுக்காரன்," என்றார் ஒரு கிழவர். எனக்கு அவமானமாக இருந்தது. அவர் சொன்னது சரி என்றும் பட்டது.

பாடையைத் தூக்கினார்கள். தெரு முனை திரும்பி, களத்துமேட்டு ரோட்டில் முதல் அடி வைத்தபோது மாதா கோயில் மணி அடித்தது.

தினமும் நண்பகலில் அடிக்கிற மணிதான். மும்மூன்றாக மூன்று தடவை, கடைசியில் ஒன்பது. ஆனால் அன்று ஒவ்வொரு அடிக்கும் நடுவில் நீண்ட அமைதி. ஒரு அடி. பறைச் சத்தம் கேட்கும். மறுபடி ஒரு அடி. நான் நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் என்மேல் மோதினார்கள்.

மாலையோடு வந்த பெரியவரும் நின்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு. கையை இறக்கிவிட்டு நடந்தார்.

பதினெட்டாவது அடி விழுந்தபோது பாடை ஆற்றங்கரைக்குப் போயிருந்தது. தூக்கியவர்கள் காலில் சேறு இல்லை.

வீட்டில் அப்பாவிடம் கேட்டேன். "துக்க மணியாப்பா?"

"பன்னெண்டு மணி," என்றார். "தெனம் அடிக்கிறதுதான்." அவர் உள்ளங்கை கயிறு உராய்ந்து சிவந்திருந்தது.

*

'இருக்கிறார்' என்று எழுதி அடித்து, 'இருந்தார்' என்று மாற்றிய இடங்கள் இந்தக் கட்டுரையில் நிறைய. இன்னும் எங்காவது விட்டுப்போயிருக்கலாம்.

நான் கிளம்பும் நாளில் அத்தை மகள் ஒரு பழைய புடவைச் சுருணையைக் கொடுத்தாள். "வெரிஃபிகேஷன் முடியற வரைக்கும் உன்கிட்ட இருக்கட்டும்." பிரித்தேன். மாதா படம். சட்டத்தின் இடுக்கெல்லாம் உமி.

அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டே வந்து, ஒரு விரலால் கண்ணாடித் தூசியைத் துடைத்தார்.

"மூட்டைக்கு அடியிலதான் இருந்துச்சா? இத்தன நாளும்?"

"ஆமாப்பா."

பிறகு படத்தை அவரே புடவையில் சுற்றினார்.

"ரூம்ல மாட்டிடாத," என்றார். "அந்தப் புள்ள வேலைல சேரட்டும்."

விடுதி அறையில், துணிப்பெட்டிக்கு அடியில் இருக்கிறது. அத்தையிடமிருந்து நான் வைத்திருப்பது அதுதான். இன்னும் மாட்டாத ஒரு படம்.