ஒன்பது மணி மிஸ்டு கால்

ஜெயகிருஷ்ணனுக்கு அம்மா, அப்பா எல்லாமே நாகலக்ஷ்மி அக்காதான். டீச்சர் வேலை பார்த்து, தன் கல்யாணத்தைக்கூடத் தள்ளிப்போட்டு, அவனை என்ஜினியராக்கினாள். ரிட்டயரான பின்னும் கூடுவாஞ்சேரி வீட்டை விட்டு வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். ஒருமுறை நெஞ்சுவலி வந்து பிழைத்த உடம்பு. அதனால் தினம் காலை ஒன்பதுக்குத் தம்பிக்கு ஒரு மிஸ்டு கால்.

"எடுத்துடாதே கிச்சா, காசு போயிடும். மணி அடிச்சா நான் நல்லா இருக்கேன்னு அர்த்தம்."

அவனுக்குப் பெருங்களத்தூரில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. மியூசிக் கீபோர்டைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டிக்கு டிரைவர் என்கிற இயக்கு மென்பொருள் எழுதினான். எந்தக் கட்டையை அழுத்தினார்கள், எப்போது விட்டார்கள் என்று கீபோர்டு எண்களாக அனுப்பும். அதற்கு மிடி என்று பெயர். டிரைவர் அதைப் படித்துப் பொருள் சொல்ல வேண்டும். நடுநடுவே 254 என்று ஓர் எண் சும்மா வந்துகொண்டே இருந்தது. என்னடா இந்தத் தொணதொணப்பு என்று, வந்ததும் அதைத் தூக்கியெறியும்படி எழுதிவிட்டான் மகராசன்.

2006 ஆகஸ்டில் ஒருநாள், பெட்டியை வாங்க லக்ஷ்மிநாராயணன் என்பவர் வந்திருந்தார். ஒன்பதேகால் ஆகியும் அக்காவின் மணி அடிக்கவில்லை. சார்ஜ் போட மறந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். வந்தவர் ஒரு கட்டையை அழுத்தியபடியே கேபிளைப் பிடுங்கினார். ஸ்பீக்கரில் அந்த ஸ்வரம் நிற்காமல் கத்தியது.

"என்ன சார், ஒப்பாரி வைக்குது?"

மானம் போயிற்று. உட்கார்ந்து மிடி விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினான். 254 என்றால் 'நான் இருக்கிறேன்' என்று பொருளாம். சொல்ல வேறொன்றும் இல்லாதபோதும் கீபோர்டு அதை அனுப்பிக்கொண்டிருக்கும். நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம் எதுவும் வராவிட்டால், எதிர்முனை போய்விட்டது என்று எல்லா ஒலியையும் நிறுத்த வேண்டும். அப்படியே மாற்றி எழுதினான். கேபிளைப் பிடுங்கியதும் ஸ்வரம் சட்டென்று அடங்கியது. அந்த அமைதியில்தான் காலையில் அடிக்காமல் போன அக்காவின் மணி அவனுக்கு உறைத்தது.

மணி இரண்டு. அக்காவுக்குப் போன் போட்டான். அடித்துக்கொண்டே இருந்தது. ஜிஎஸ்டி ரோட்டில் பைக்கை எப்படி ஓட்டினான் என்று அவனுக்கே தெரியாது. பக்கத்து வீட்டு ஜெயக்கொடியும் அவனும் சேர்ந்து கதவை உடைத்தார்கள். சமையலறை வாசலில் அக்கா கிடந்தாள். போன் எட்டாத உயரத்தில், ஷெல்ப்பில் இருந்தது.

"காலையிலேயே கொண்டுவந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம் சார்," என்றார் டாக்டர்.

பெட்டி நன்றாக விற்றது. பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகு, ஜெயக்கொடியிடம் அவன் வாய்விட்டு அழுதான்.

"ஒரு கீபோர்டுக்கு ஒரு நொடிகூட காத்திருக்கக் கூடாதுன்னு எழுதினேங்க. எங்க அக்காவுக்கு அஞ்சு மணி நேரம் காத்திருந்தேன்."