ஜெகதாம்பாளுக்கு விழுந்த மாலை

அரியலூர்ப் பக்கம் ஒரு சாவு விழுந்தால் பந்தல்காரருக்கு அடுத்த போன் ஓவியர் கொளஞ்சியப்பனுக்குத்தான். வாக்காளர் அட்டையில் மங்கிக் கிடக்கும் முகத்தை வைத்துக்கொண்டே, பதினாறாம் நாள் படத்திறப்புக்குள் ஆளை உயிரோடு உட்காரவைத்துவிடுவார். அந்தப் படங்களுக்குச் சட்டம் போடுகிறவன் நான், ராசாங்கம். அவருக்கு விருதெல்லாம் வந்தது. ஆனால் உயிரோடு இருப்பவர்களை வரைந்தால் ஆயுசு குறையும் என்று ஒரு பயம். மனைவி ஜெகதாம்பாள் முப்பது வருஷம் கேட்டும் அவளை வரையவில்லை.

போன வருஷம் சென்னையில் ஒரு கண்காட்சிக்கு, உயிரோடு இருப்பவர் ஒருவரின் படம் வேண்டும் என்றார்கள். பயம் எங்கே போனதோ, அப்போதுதான் மனுஷனுக்குப் பெண்டாட்டி கண்ணில் பட்டாள். அதுவும் அவள் சிறுநீரகம் கெட்டு, வாரம் இரண்டு தடவை பெரம்பலூருக்கு டயாலிசிஸ் போய்க்கொண்டிருந்த நேரத்தில். மகள் அம்பிகாதான் பஸ்ஸில் கூட்டிப்போவாள். இவர் கதவைச் சாத்திக்கொண்டு வரைவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

படம் என் கடைக்கு வந்தது. சட்டம் போட்டேன். இருபது வருஷப் பழக்கம், கை சும்மா இருக்குமா? வழக்கம்போலச் சந்தனச் சீவல் மாலையையும் மாட்டி, அவர் வீட்டுச் சுவரில் கொண்டுபோய்ச் சாய்த்துவிட்டேன்.

அம்பிகா பார்த்துவிட்டாள். "அம்மா எப்ப சாவும்னு காத்துக்கிட்டு இருக்கீங்களாப்பா?" என்று அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் கதவோரம் ஒதுங்கிவிட்டேன்.

கொளஞ்சியப்பன் படத்தை மறைத்து நின்றார். "கிழிச்சுராதம்மா. நான் வரைஞ்சதுலயே இதான் படம். செவ்வாக்கெழம கண்காட்சி."

"செவ்வாக்கெழம அம்மாவுக்கு டயாலிசிஸ். அதாச்சும் தெரியுமா?"

உள்ளே படுத்திருந்த ஜெகதாம்பாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மாலையைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். "புத்தி கெட்டுப்போய் பண்ணிட்டேன் தங்கச்சி" என்றேன். அவள் காதில் அது விழவில்லை. படத்தில் இருந்த தன் இடது கையையே பார்த்தாள். ஊசி குத்திக் குத்திப் புடைத்த நரம்பு, ஒரு முடிச்சுகூட விடாமல் அப்படியே இருந்தது.

"ஆஸ்பத்திரிப் பக்கமே வரல. இத எப்பப் பாத்தீங்க?"

"நீ தூங்கறப்ப."

"முழிச்சிருக்கறப்ப பாத்திருக்கலாம்ல?"

அம்பிகாவின் கை தானாகக் கீழே இறங்கியது. ஊரில் செத்தவர்களையெல்லாம் கண் கலங்காமல் வரைந்த மனுஷன், அன்றைக்குத்தான் அழுது பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை படத்தோடு சென்னைக்குப் போனது நான்தான். ஓவியர் எங்கே என்று கேட்டார்கள்.

"பெரம்பலூர் பஸ்ல இருக்காருங்க, பொண்டாட்டி பக்கத்துல" என்றேன்.